5 மில்லிவோல்ட் சொல்லும் சேதி

கடிகாரத்திலும் பொம்மையிலும் கேமராவின் ஃபிளாஷிலும் போடுகிற, திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய ஒரு டபுள் ஏ செல்லை எடுத்துக்கொள்வோம். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. சார்ஜ் ஏற ஏற அதன் மின்னழுத்தம் மெதுவாக உயரும். 1.3 வோல்ட், 1.4 வோல்ட், அதற்கும் கொஞ்சம் மேலே. பிறகு ஒரு கட்டத்தில் உயர்வது நின்று, இம்மியளவு கீழே இறங்கும். அந்த இறக்கம் சுமார் 5 மில்லிவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டில் இருநூறில் ஒரு பங்கு. சில செல்களில் அதுவும் இருக்காது. செல் தன் வயிறு நிறைந்ததை வெளியே சொல்லும் மின்குறி அது ஒன்றுதான். அதைக் கேட்டு, அந்த நேரத்தில் கரண்டை நிறுத்தத் தெரிந்ததைத்தான் நல்ல சார்ஜர் என்பேன். மின்சாரத்தை உள்ளே தள்ளுவது எந்த டிரான்ஸ்ஃபார்மருக்கும் வரும். நிறுத்துவதற்குத்தான் மூளை வேண்டும்.

நிரம்பிய செல்லின் மின்னழுத்தம் ஏன் இறங்க வேண்டும்? சார்ஜ் முடியும் தறுவாயில் நேர்முனையில் வினைபுரிய மீதமிருக்கும் நிக்கல் ஹைட்ராக்சைடு குறைந்துவிடுகிறது. ஆனால் சார்ஜர் விடாமல் கரண்டை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்தக் கரண்ட் இப்போது மின்பகுளியிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கத் தொடங்குகிறது. பிரிந்த வாயு, நடுவிலுள்ள தடுப்பின் நுண்துளைகள் வழியே எதிர்முனைக்குப் போய் அங்கே மறுபடி வினைபுரிந்து மறைகிறது. செல்லை இறுக மூடி விற்க முடிவதே இந்தச் சுழற்சியால்தான். ஆனால் இந்தச் சுழற்சியில் உள்ளே வரும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகிவிடுகிறது. செல் சூடாகிறது. நிக்கல் செல் சூடானால் அதன் மின்னழுத்தம் குறையும். நாம் பார்க்கும் 5 மில்லிவோல்ட் இறக்கம் அந்தச் சூட்டின் நிழல்தான்.

1899-ல் சுவீடனில் வால்டெமார் யுங்னர், இதே குடும்பத்தின் மூத்த வகையான நிக்கல் காட்மியம் செல்லை உருவாக்கினார். அதற்குப் பிறகு வெகுகாலம் சார்ஜர்கள் இந்தச் சேதியைக் கேட்கவே முயலவில்லை. கேட்காமலே தப்பிக்க ஒரு வழி இருந்தது. செல்லின் கொள்திறனில் பத்தில் ஒரு பங்கு கரண்டை மட்டும் கொடுத்து, 14 முதல் 16 மணி நேரம் விட்டுவிடுவது. 2000 மில்லிஆம்பியர்-மணி செல்லுக்கு 200 மில்லிஆம்பியர். அந்த வேகத்தில் பிறக்கும் ஆக்சிஜனை செல் சமாளித்துக்கொள்ளும். மிதமாகச் சூடாகும், அவ்வளவுதான். இரவு சொருகி, காலையில் எடுக்க மறந்துபோனாலும் உடனே விபத்து இல்லை. ஆனால் ஒவ்வொரு மறதிக்கும் செல்லின் ஆயுளில் கொஞ்சம் கழிகிறது. சார்ஜர் என்ற பெயரில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் ஒரு டயோடும் ஒரு ரெசிஸ்டரும் மட்டும் இருந்த அந்தப் பெட்டிகளால் வீணான செல்கள் ஏராளம். செல்லின் மேல் பழி போட்டுக் குப்பையில் எறிந்தோம்.

ஒரு மணி நேரத்தில் சார்ஜ் ஆக வேண்டும் என்றால் அந்த வழி உதவாது. 2 ஆம்பியர் போகும்போது, நிரம்பிய பிறகும் சில நிமிடங்கள் விட்டுவைத்தால் செல் கைசுடும் அளவுக்குக் கொதிக்கும். கேட்டே ஆக வேண்டும். தெருக்குழாயில் குடம் பிடிப்பவர்கள் குடத்துக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. தண்ணீர் விழும் ஓசை கூர்மையாகும்போது குழாயைத் திருகி மூடுகிறார்கள். நிக்கல் செல்லுக்கு வேண்டியது அப்படியொரு காது. மெதுவாக ஊற்றினால் ஓசை மாறுவதும் கேட்காது என்பது இங்கும் உண்மை. பத்தில் ஒரு பங்கு கரண்டில் செல் போதுமான அளவு சூடாவதில்லை, ஆகவே மின்னழுத்த இறக்கமும் தெரிவதில்லை. ஒரு மணி நேர வேகத்தில், குறைந்தது கொள்திறனில் பாதியளவு கரண்டிலாவது, சார்ஜ் செய்தால்தான் சேதி தெளிவாக வரும்.

லித்தியம் அயனி செல் முற்றிலும் வேறு குணம் கொண்டது. 1991-ல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த நாள் முதல் இன்றைய மின்ஸ்கூட்டர் வரை, அது நிரம்பியதும் தானாக ஒன்றும் சொல்லாது. ஆக்சிஜனைச் சுற்றவிட்டுச் சமாளிக்கும் வசதியும் அதற்கு இல்லை. எல்லையை நாம்தான் போட வேண்டும். வழக்கமான செல்லுக்கு அது 4.20 வோல்ட், ஏறக்குறைய ஒரு சதவீதத்துக்கு மேல் பிசகக் கூடாது. முதலில் மாறாத கரண்டைக் கொடுத்து மின்னழுத்தத்தை அந்த எல்லைக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு மின்னழுத்தத்தை அங்கேயே பிடித்துவைத்தால் கரண்ட் தானாக வடிந்துகொண்டே வரும். அது கொள்திறனில் பத்தில் ஒரு பங்குக்கோ இருபதில் ஒரு பங்குக்கோ வந்ததும் நிறுத்திவிடலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் எல்லை 3.65 வோல்ட். கார் பேட்டரியான ஈய அமில வகைக்கு இதே பாணியில் வேறு எண்கள்.

ஆக, கரண்ட் கொடுக்கும் பகுதி எல்லாவற்றுக்கும் ஒன்றே. நிறுத்தும் விதிதான் வேதியியலுக்கு வேதியியல் மாறுகிறது. விதியை மின்சுற்றாகக் கட்டினால் வகைக்கு ஒரு சுற்றுப்பலகை செய்ய வேண்டும். விதியை நிரலாக எழுதினால் ஒரே பலகை போதும். நிரல்படி இயங்கும் சிறு சிப்பான மைக்ரோகன்ட்ரோலர் சார்ஜருக்குள் நுழைந்த வாசல் இதுதான்.

ஆட்மெல் நிறுவனம் தன் ஏவிஆர் சிப்புகளுக்காக வெளியிட்ட ஏவிஆர்450 என்ற பயன்பாட்டுக் குறிப்பு இதற்கு ஒரு நல்ல பாடநூல். ஈய அமிலம், நிக்கல் காட்மியம், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, லித்தியம் அயனி ஆகிய நான்குக்கும் பொருந்தும் சார்ஜர் அதில் இருக்கிறது. அதில் வரும் இரண்டு சிப்புகளில் ஒன்று ஏடிடைனி15. எட்டே கால்கள். நிரலுக்கு 1 கிலோபைட், அதாவது சுமார் 500 கட்டளைகள். ரேம் என்னும் தற்காலிக நினைவகமே கிடையாது. 32 பதிவேடுகளை வைத்துக்கொண்டு முழு வேலையும் முடிய வேண்டும். இவ்வளவு சிறிய சிப்புக்குள் 10 பிட் அனலாக்-டிஜிட்டல் மாற்றியும், ஒரு நொடிக்கு லட்சம் முறை கரண்டைத் திறந்து மூடும் துடிப்பு அமைப்பும் இருந்தன. சார்ஜருக்கு அவ்வளவுதான் வேண்டும். அளக்க ஒரு கண், திருக ஒரு கை, நடுவே ஐந்நூறு கட்டளைகளில் ஒரு மூளை.

இன்று அதன் தம்பியான ஏடிடைனி85-ஐ சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் தேடி வாங்கலாம். கால்கள் அதே எட்டுதான். ஆனால் 8 கிலோபைட் நிரலிடமும், 512 பைட் நினைவகமும், மின்சாரம் போனாலும் அழியாத இன்னொரு 512 பைட்டும் உண்டு. மின்சாரத்துக்கு இரண்டு கால்கள், ரீசெட்டுக்கு ஒன்று போக, நமக்கு மிஞ்சுவது ஐந்து. துடிப்புக்கு ஒன்று, செல்லின் மின்னழுத்தம் அளக்க ஒன்று, கரண்ட் அளக்க ஒன்று, வெப்பம் அளக்க ஒன்று, எல்.இ.டி.க்கு ஒன்று. ஐந்தும் தீர்ந்தது. இந்தக் கணக்கு பின்னால் நம்மை ஒரு முடிவுக்குத் தள்ளப் போகிறது.

முதலில் அந்த 5 மில்லிவோல்ட்டுக்கு வருவோம். 10 பிட் மாற்றி எந்த மின்னழுத்தத்தையும் 1024 படிகளாகத்தான் பார்க்கும். 5 வோல்ட்டை முழு அளவாக வைத்தால் ஒரு படி 4.9 மில்லிவோல்ட். நாம் தேடும் இறக்கம் மொத்தமே ஒரு படி! ஒரு படி மாறுவது இரைச்சலாலும் நடக்கும். அதை நம்பி முடிவெடுக்க முடியாது. சிப்புக்குள்ளேயே அளவுகோலாக இருக்கும் 2.56 வோல்ட் மேற்கோள் மின்னழுத்தத்துக்கு மாற்றினால் ஒரு படி 2.5 மில்லிவோல்ட். செல்லின் 1.5 வோல்ட் அதற்குள் அடங்கிவிடுவதால் நேராக அளக்கலாம். இது போதாது, ஆனால் இங்கே ஒரு அழகான உத்தி கைகொடுக்கிறது. ஒருமுறை அளப்பதற்குப் பதில் 64 முறை அளந்து, எல்லாவற்றையும் கூட்டி, எட்டால் வகுக்க வேண்டும். இப்போது ஒரு படியின் மதிப்பு 0.3 மில்லிவோல்ட்டுக்கு இறங்கிவிடும். உண்மையான மதிப்பு இரண்டு படிகளுக்கு நடுவே இருந்தால், இரைச்சல் அதை ஒருமுறை மேல்படியிலும் மறுமுறை கீழ்ப்படியிலும் விழவைக்கிறது. எத்தனை முறை எங்கே விழுந்தது என்ற விகிதம், நடுவில் அது எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. கொஞ்சமும் இரைச்சல் இல்லாத சுற்றில் இந்த உத்தி பலிக்காது. 64 முறையும் ஒரே எண்தான் வரும்.

இந்தப் படிகளைவிடப் பெரிய எதிரி செல்லைத் தாங்கும் ஸ்பிரிங். துருவும் அழுக்கும் சேர்ந்து அந்தத் தொடுமுனையில் 0.05 ஓம் தடை இருந்தாலே, ஒரு ஆம்பியர் போகும்போது 50 மில்லிவோல்ட் பொய் சேர்ந்துவிடும். நாம் தேடுவதைவிடப் பத்து மடங்கு. செல்லை லேசாக அசைத்தால் அந்தப் பொய்யும் மாறும், சார்ஜர் பாதியில் நின்றுவிடும். தீர்வு நிரலில் இருக்கிறது. அளக்கும் முன் கரண்டை ஒரு கணம் நிறுத்திவிட வேண்டும். கரண்ட் இல்லையென்றால் தடையின் இருபுறமும் வேறுபாடும் இல்லை. நிறுத்தியபின் எத்தனை மில்லிநொடி கழித்து அளக்கிறோமோ, அதை ஒவ்வொரு முறையும் மாறாமல் கடைப்பிடித்தால் போதும். செல் ஓய்வெடுக்க ஆரம்பித்ததும் அதன் மின்னழுத்தம் மெதுவாகச் சரியும் என்பதால், காத்திருக்கும் நேரம் மாறினால் அளவும் மாறும். டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியால் ஒருநாளும் முடியாத காரியம் இது. நிரலில் மூன்று நான்கு வரிகள்.

இன்னொரு பொறியும் உண்டு. மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த செல்லை சார்ஜ் செய்தால் முதல் சில நிமிடங்களில் மின்னழுத்தம் ஒருமுறை ஏறி இறங்கும். அது நிறைவின் அறிகுறி அல்ல. ஆகவே தொடக்கத்தில் ஐந்து நிமிடமாவது இறக்கத்தைப் பொருட்படுத்தாமல் இருக்க நிரலுக்குச் சொல்ல வேண்டும். எப்படியும் ஒரே சாட்சியை நம்பி சார்ஜ் செய்வது தவறு. செல்லை ஒட்டி, வெப்பம் அளக்கும் 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் ஒன்றை வைத்து, வெப்பம் நிமிடத்துக்கு ஒரு டிகிரி செல்சியஸ் என்ற வேகத்தில் ஏறினால் நிறுத்தலாம். மே மாதத்து வெயிலில் அறையே 38 டிகிரி இருக்கும் ஊர்களில், எத்தனை டிகிரி என்பதைவிட எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதே நம்பத்தக்க குறி. இவை இரண்டும் தவறினால் கடைசியாக நேரக்கணக்கு இருக்கிறது. ஒரு மணி நேர வேகத்துக்கு 90 நிமிட எல்லை.

லித்தியத்துக்கு வரும்போது சிக்கலின் முகமே மாறுகிறது. இந்த இடத்தில் பல நல்ல கைவினைஞர்களே தடுமாறுகிறார்கள். நிக்கலுக்கு நமக்கு வேண்டியது வேறுபாடு மட்டும்தான். முன்பிருந்ததைவிட 5 மில்லிவோல்ட் குறைந்ததா என்பதே கேள்வி. சிப் அளந்து காட்டும் 1.45 உண்மையில் 1.40 ஆகவே இருந்தாலும் கவலையில்லை. பிழை இரண்டு அளவிலும் ஒன்றாக இருப்பதால் கழிந்துபோகும். லித்தியத்துக்கு நுண்மையான படிகள் அவ்வளவாக வேண்டாம், ஆனால் 4.20 என்றால் அது மெய்யாகவே 4.20 ஆக இருக்க வேண்டும். ஏடிடைனி85-ன் 2.56 வோல்ட் மேற்கோள் சிப்புக்குச் சிப்பு 2.3 முதல் 2.8 வரை மாறலாம் என்று அதன் தரவேடே சொல்கிறது. ஏறத்தாழ பத்து சதவீதம். அதை அப்படியே நம்பினால் செல்லுக்கு 4.6 வோல்ட் போகக்கூடும். தீப்பிடிக்கும் எல்லை அது.

டிஎல்431 போன்ற துல்லியமான மேற்கோள் சிப்பைச் சேர்க்கலாமே என்று தோன்றும். அரை சதவீதப் பிழையோடு மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் 4.2 வோல்ட்டைப் பாதியாகக் குறைக்க இரண்டு ரெசிஸ்டர்கள் வேண்டும். அவை ஒரு சதவீத வகையாக இருந்து எதிரெதிர்த் திசையில் பிசகினால் பாதியாக்குவதிலேயே ஒரு சதவீதம் தவறும். மொத்தம் ஒன்றரை சதவீதம், 63 மில்லிவோல்ட். எல்லை தாண்டிவிட்டோம். தவிர, வெளி மேற்கோளை இணைக்க வேண்டிய காலில் ஏற்கெனவே எல்.இ.டி. உட்கார்ந்திருக்கிறது. என் தேர்வு வேறு. சுற்றை முழுதாகக் கட்டிமுடித்து, செல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நல்ல மல்டிமீட்டரால் 4.200 வோல்ட் என்று அளந்து கொடுத்து, அப்போது சிப் என்ன எண்ணைப் பார்க்கிறதோ அதை அழியாத நினைவகத்தில் எழுதிவிட வேண்டும். மேற்கோளின் பிழை, ரெசிஸ்டர்களின் பிழை, மாற்றியின் பிழை எல்லாம் அந்த ஒற்றை எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. பிறகு சார்ஜரின் துல்லியம் என்பது பெரும்பாலும் அந்த மீட்டரின் துல்லியம்தான். நல்ல மீட்டரை நண்பரிடமோ கல்லூரி ஆய்வகத்திலோ கடன் வாங்கியாவது இதைச் செய்ய வேண்டும்.

கரண்டைத் திருகும் கையைப் பற்றியும் பேச வேண்டும். 12 வோல்ட் அடாப்டரிலிருந்து லித்தியம் செல்லுக்கு மின்சாரம் கொடுக்க, மின்சுவிட்சாக வேலை செய்யும் ஒரு மாஸ்ஃபெட்டை வேகமாகத் திறந்து மூடி, வெளிவருவதை ஒரு காயிலாலும் கெபாசிட்டராலும் சமன்செய்கிறோம். மூன்றில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு மின்னழுத்தம். சூடாக வீணாவது குறைவு. ஏடிடைனி85 இதை நொடிக்கு இரண்டரை லட்சம் முறை செய்யும். ஆனால் திறந்திருக்கும் நேரத்தை 256 படிகளில்தான் மாற்ற முடியும். 12 வோல்ட்டை 256-ஆல் வகுத்தால் ஒரு படிக்கு 47 மில்லிவோல்ட். செல்லும் கம்பியும் காயிலும் சேர்ந்து 0.1 ஓம் தடை என்றால், ஒரே படி நகர்ந்தாலே கரண்ட் அரை ஆம்பியர் தாவும். 90-ல் வைத்தால் குறைவு, 91-ல் வைத்தால் அதிகம். இதற்கும் சராசரிதான் மருந்து. பதினாறு துடிப்புகளில் ஐந்தை 91-லும் மீதியை 90-லும் கொடுத்தால், காயிலும் கெபாசிட்டரும் அவற்றைக் கலந்து இடைப்பட்ட மதிப்பாக ஆக்கிவிடும். அளப்பதில் 64 வாசிப்புகளைக் கூட்டியதும், கொடுப்பதில் துடிப்புகளைக் கலப்பதும் ஒரே எண்ணத்தின் இரண்டு பக்கங்கள். குறைந்த படிகளுள்ள கருவி, நேரத்தைச் செலவழித்து நுண்மையை வாங்குகிறது. பேட்டரிக்கு அவசரமே இல்லை என்பதால் இந்த வியாபாரம் நமக்கு எப்போதும் லாபம்.

இனி சொல்லப்போவதை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். நிரல் எங்காவது சிக்கி நின்றுவிட்டால் என்ன ஆகும்? சிப் மொத்தமும் உறைந்துவிடும் என்று நினைப்போம். அப்படி நடக்காது. துடிப்பை உண்டாக்கும் டைமர் தனி உறுப்பு. நிரல் செத்தாலும் அது கடைசியாகச் சொன்ன அளவில் மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். அளப்பவர் இல்லை, கரண்ட் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. இதற்காகவே வாட்ச்டாக் என்ற காவல் டைமர் சிப்புக்குள் இருக்கிறது. நிரல் குறித்த இடைவெளியில் அதைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தொடத் தவறினால் அது சிப்பை ரீசெட் செய்யும். ரீசெட் ஆகும்போது கால்கள் எல்லாம் எதனோடும் சேராமல் மிதக்கும். அந்த வேளையில் மாஸ்ஃபெட் மூடியே இருக்க வேண்டுமானால், அதன் கேட்டுக்கும் சோர்சுக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும், அதை இயக்கும் டிரான்சிஸ்டரின் பேஸிலிருந்து தரைக்கு ஒன்றும் இருந்தாக வேண்டும். மிகவும் அற்பமான விலையுள்ள இந்த இரண்டு பொருள்களை விட்டுவிட்டவர்களின் பலகைகளைப் பார்க்கும்போது எனக்குப் பதறும். இத்தனைக்கும் மேல், லித்தியம் செல்லோடு தனியாக ஒரு பாதுகாப்புச் சுற்றும் ஃபியூஸும் இருக்க வேண்டும். நம் நிரலை நம்பாத இன்னொரு காவல் வேண்டும்.

ஒற்றை லித்தியம் செல்லை 5 வோல்ட்டிலிருந்து சார்ஜ் செய்வது மட்டுமே நோக்கம் என்றால், இவ்வளவு பாடுபட வேண்டாம்; டிபி4056 சிப் உள்ள ஆயத்தப் பலகையை வாங்கிவிடுவதே நல்லது. அதற்கென்றே செய்யப்பட்ட சிப் அது. மைக்ரோகன்ட்ரோலர் தன் மதிப்பைக் காட்டுவது வேறு இடங்களில். வெவ்வேறு வகைச் செல்களை ஒரே கருவியில் சார்ஜ் செய்ய வேண்டும்போது. மேகம் வந்து போகும் சோலார் பலகையிலிருந்து கிடைத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும்போது. ஒரு செல்லின் உண்மையான கொள்திறன் என்ன என்று எண்ணிப் பார்க்க வேண்டும்போது. கடைசியது எனக்குப் பிடித்தது. கரண்டை நொடிதோறும் கூட்டிக்கொண்டே போனால் எத்தனை மில்லிஆம்பியர்-மணி உள்ளே போனது என்று தெரியும். லித்தியத்தில் போட்டதில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்பக் கிடைப்பதால், காலியான செல்லில் தொடங்கினால் அந்தக் கூட்டலே கிட்டத்தட்டக் கொள்திறன். மெதுவாக சார்ஜ் ஆகும் நிக்கலுக்கு ஒன்றரை மடங்கு வரை போட வேண்டியிருப்பதால், வெளியே எடுக்கும்போது எண்ணினால்தான் சரி.

பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து அதிலிருக்கும் 18650 எனப்படும் லித்தியம் செல்களை மீட்டெடுப்பவர்களுக்கு இந்த எண்ணிக்கை பெரிய துணை. ஆனால் அங்கேதான் நிரல் மறுக்கவும் கற்றிருக்க வேண்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே போன செல்லுக்கு முதலில் பத்தில் ஒரு பங்கு கரண்டை மட்டும் கொடுத்துப் பார்க்கலாம். அரை மணி நேரத்திலும் 3 வோல்ட்டை எட்டவில்லை என்றால் விட்டுவிட வேண்டும். வெகுநாள் வறண்டு கிடந்த செல்லில் எதிர்முனையைத் தாங்கும் செம்புத் தகடு மின்பகுளியில் கரையத் தொடங்கியிருக்கும். மறுபடி சார்ஜ் செய்யும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே குறுக்கிணைப்பு உண்டாக்கும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் கிராஃபைட்டுக்குள் நுழைய வேண்டிய லித்தியம் மேலேயே உலோகமாகப் படியும் என்பதால், பூஜ்ஜியத்துக்குக் கீழே ஒரு மறுப்பு. 45 டிகிரிக்கு மேலே இன்னொரு மறுப்பு. ஊட்டிக் குளிரில் முதலாவது அரிதாக உதவும். வேலூர் வெயிலில் இரண்டாவது அடிக்கடி உதவும். ஐந்தாவது காலில் இருக்கும் அந்த ஒற்றை எல்.இ.டி. இரண்டு முறை சிமிட்டினால் சூடு, மூன்று முறை சிமிட்டினால் செல் செத்தது என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று சிமிட்டல் வாங்கிய செல்லின் இரு முனைகளிலும் டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது.